செருப்புக்கடைப் பாட்டு

மேசைக்கு அடியில் குனிந்து, மைக் வயரைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் செருகிக்கொண்டிருந்தாள் பாட்டுக்காரி. கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த மைக்செட்காரர், மூச்சு வாங்கிக்கொண்டே அதிகாரம் பண்ணினார்.

"அது இல்ல. பக்கத்துல இருக்கறது."

"எந்தப் பக்கம்? உங்களுக்கா, கம்ப்யூட்டருக்கா?"

"வாய் மட்டும் குறையவே குறையாது உனக்கு."

"குறைஞ்சா சோத்துக்கு என்ன பண்றதாம்?"

அதுவும் நியாயம்தான். அந்த வீட்டுக்குச் சோறு போட்டதே அவள் வாய்தான். துணிக்கடை, கட்டில் மெத்தை, டியூஷன் சென்டர் என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றும் வண்டிகளில் பாதியில் அவள் குரல்தான் போகும். பாடுவது அவள், பதிவு செய்வதும் வெட்டி ஒட்டுவதும் அவள் கணவரான மைக்செட்காரர். அவருக்கு இதயம் பலவீனமாகி, "வீட்டுல வெச்சு நல்லா பாத்துக்குங்க" என்று டாக்டர் அனுப்பிவைத்த பிறகு, கொழுந்தனின் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தாள். கொழுந்தன் தங்கமானவன். ஆனால் அங்கே போனதும் அவளுடைய வாடிக்கையாளர்கள் அவனுடைய வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டார்கள். புதிதாகச் செருப்புக்கடை திறக்கப்போகிறவர் மட்டும் நேராக அவளுக்கே போன் செய்து, "அக்காதான் பாடணும்" என்றார். வீட்டிலேயே பதிவு செய்வது என்று அன்றைக்கு முடிவு கட்டினாள்.

எந்த மென்பொருளில் என்பதில்தான் புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு. ஸ்டுடியோவில் இருப்பது மாதாமாதம் வாடகை கேட்கும், அது கட்டுப்படியாகாது. மைக்செட்காரர் ஓசியில் கிடைக்கிற ஒன்றைச் சொன்னார்.

"எனக்குப் பழகினது அதுதான்."

"பழகினது உங்களுக்கு. உக்காந்து பண்ணப்போறது நான். அதுல நான் பாடறது என் காதுக்கே தாமதமா வருதுங்க. நம்ம பழைய கம்ப்யூட்டர் திணறுது. இதைப் பாருங்க, ஒரே தடவை காசு கட்டினா போதும். கம்மிதான். வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டியும் பாத்துக்கலாம். தப்பா வெட்டிட்டாலும் பழையபடி எடுத்துக்கலாம்."

"இதெல்லாம் எப்ப பாத்த?"

"நீங்க தூங்கறப்ப."

அவர் திரையை எட்டிப் பார்த்தார். "பாக்கவே நல்லாயில்ல. சாம்பல் பூசின மாதிரி இருக்கு."

"அது கூட குடித்தனமா பண்ணப்போறேன்?"

மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, பாட்டின் முதல் இரண்டு வரிகளை மட்டும் சோதனைக்குப் பாடினாள். 'நடந்து பாரு, நடந்து பாரு, நாள் முழுக்க நடந்து பாரு.' அதன்மேல் இன்னொரு தடவை தன் குரலையே கீழ்ச்சுருதியில் சேர்த்தாள். தொடக்கத்தில் இருந்த வெற்றிடத்தை வெட்டினாள். பிறகு ஹெட்போனை எடுத்து அவர் காதில் மாட்டினாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்வைமேல் ஒரு விரல் தாளம் போட்டது.

"ரெண்டாவது வரியில மூச்சு கேக்குது."

"கேக்கட்டும். மனுஷிதான பாடறா."

சிரித்தார். "சரி, இதையே வாங்கிடு. இன்னொரு வாட்டி போடு."

போட்டுவிட்டு, வெந்நீர் கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது விரல் நின்றிருந்தது. பாட்டு முடிந்ததால் நின்றது என்றுதான் முதலில் நினைத்தாள். கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஹெட்போனை அவர் காதிலிருந்து மெல்லக் கழற்றினாள்.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடு நிறைய ஆட்கள். கொழுந்தன் அழுதழுது முகம் வீங்கியிருந்தான். உள்ளறைக்கு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"அண்ணி, அந்தச் செருப்புக்கடை வேலைய நான் பாத்துக்கறேன். ஸ்டுடியோவுல ஒரு பொண்ணு இருக்கா, பாடிடுவா. இந்தக் கம்ப்யூட்டரையும் அங்க கொண்டுபோயிடறேன். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"நாளைக்குக் காலையில கடை திறக்கறாங்க. நானே பாடிக் குடுத்துடறேன் தம்பி."

"இன்னைக்கா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க அண்ணி?"

"அவங்க எல்லாம் வெளியிலதான இருக்காங்க. நான் பேசிக்கறேன்."

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். பேச்சு சட்டென்று அடங்கியது.

"எல்லாரும் கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்க. அந்த ஃபேனையும் நிறுத்திடுங்க."

நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்தாள். இறந்துபோன தம்பிக்காகத்தான் மௌனம் என்று நினைத்துவிட்டாள். அவளைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். பாட்டுக்காரி திருத்தவில்லை. அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கொழுந்தன் சுவரோரமாக ஒதுங்கி நின்றான்.

திரையில் சிவப்பு வட்டத்தை அழுத்தினாள். பாடினாள். குரல் பிசிறவில்லை. நடந்து பாரு, நடந்து பாரு என்று தொடங்கி, கடை இருக்கும் தெரு, ஒரு ஜோடி வாங்கினால் ஒரு ஜோடி காலுறை சும்மா என்பது வரைக்கும் ஒரே மூச்சில் போய் முடித்தாள். கூடத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

பதிவானதைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தாள். எல்லோரும் நின்றபடியே இருந்தார்கள். நாத்தனாரின் கையில் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. வைத்தால் சத்தம் வருமே என்று பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் புரிந்துவிட்டது என்று இப்போது அவள் முகத்திலேயே தெரிந்தது. இருந்தும் டம்ளரை இறக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றாள் பாட்டுக்காரி. "ஏதோ ஒரு சத்தம் கூடவே வருது."

கொழுந்தன் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டான். கூடத்துக்குப் போனான். சுவர்க் கடிகாரத்தை எட்டிக் கழற்றி, அதன் பின்னாலிருந்த பேட்டரியை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றான்.