இலைக் கோடி

துணிச் சுருளைக் கட்டிய கயிற்றின் முடிச்சு வெந்து இறுகிக் கிடந்தது. அகிலா பல்லால் கடித்து இழுத்தாள். உள்ளே பெண்கள் அவள் அக்கா சந்திரமதியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இலைகளைப் பட்டில் பரப்பிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, அவற்றின் உருவத்தைத் துணியில் இறக்குகிறவள் சந்திரமதி. இந்தக் குட்டித் தீவான லாங் ஐலண்டில் அவள் பொறுக்கிய இலைகள் சென்னைக் கண்காட்சிச் சுவர்களில் தொங்கியிருக்கின்றன. கடைசிச் சுருளைப் படுக்கையில் கிடந்தபடியே கட்டித் தங்கையிடம் கொடுத்தாள். "எனக்குப் பொறந்த வீட்டுக் கோடி இதுதான்டி. வேகவெச்சு, ஆறினப்புறம் பிரி."

நேற்று சாயங்காலம் அதை அடுப்பில் ஏற்றிய சமயம் பார்த்து அக்காவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு அடுப்பு நினைவே இல்லை. மூச்சு அடங்கி வீடு அமைதியான பிறகுதான் கருகல் வாசனை வந்தது. பானையில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

"வேற துணி வரவழைச்சிடேன்," என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா.

"போட் பந்த், இன்னிக்கு ஓடாதுன்னு ஜெட்டில சொல்லிட்டாங்க பெரியம்மா. கடல் சரியில்ல."

"அதுக்காக? வேகவெச்சதெல்லாம் கோடியாகுமா? இட்லித் துணிகூடத்தான் வேகுது."

அகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. மாதக்கணக்காக முனகல் மட்டுமே கேட்ட வீட்டில் இன்று கோழிகளின் சத்தம் கேட்டது. அது நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

படியில் உட்கார்ந்திருந்த அக்கா புருஷன் குழந்தைவேலு நிமிர்ந்தார். "இன்னும் ஒருத்தர் கண்ணும் படாத துணி பெரியம்மா. இதைவிடப் புதுசு எது இருக்கு? நீ பிரிம்மா."

"தண்ணி சுண்டிப்போச்சு அத்தான். தீஞ்சிருந்தா..."

"தீஞ்சா தீயட்டும். திட்டுறதுக்கு அவ எந்திரிக்கவா போறா."

முடிச்சு அவிழ்ந்தது. வெளிச்சுற்றின் ஓரம் கருகி உதிர்ந்தது. அகிலா வெந்த இலைகளை உரித்துப் போட்டபடி அடுத்த சுற்றை விரித்தாள். படாக் மரத்து இலைகளின் அச்சு. அதற்கடுத்து வாதாமிலைகள், நரம்பு நரம்பாக, பூச்சி அரித்த ஓட்டை உட்பட.

பொன்னம்மா குனிந்து பார்த்தாள். "அடியே, ஓட்டையைக்கூட விடல பாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு துணியின் மறுமுனையைப் பிடித்தாள்.

அக்காவுக்குப் போர்த்தியபோது கருகிய ஓரத்தை அகிலா உள்ளே மடித்தாள். குழந்தைவேலு அதை மெல்ல வெளியே எடுத்துவிட்டார்.

படியில் அவளுக்கு டீ காத்திருந்தது. சர்க்கரை தூக்கல். முழுவதும் குடித்தாள். துணியிலிருந்து உரித்துப் போட்ட வெந்த இலைகளைக் கோழிகள் கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தன.