கோப்பையை யார் பிடிப்பது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத ஆரம்பித்தது என் கொழுந்தியாளின் வாயை அடைக்கத்தான். அவள் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸ். பிழைக்க வழியில்லாத நோயாளி கேட்டால் சாக உதவலாம் என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். படித்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"உங்களுக்கு என்ன அத்தான், முற்றுப்புள்ளி வச்சா முடிஞ்சுது. அந்த ரூம்ல ஒரு தடவ நின்னு பாருங்க."

நின்று பார்க்கிறேன், கதையிலாவது. கட்டுரையில் விட்டதைக் கதையில் பிடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

2

முதல் வரி: "ஜன்னல் வழியே விழுந்த இளவெயிலில் அவர் முகம்—"

வேண்டாம். சாகப்போகிறவர்கள் மேல் மட்டும் கதைக்காரர்கள் வெயிலைத் தாராளமாகக் கொட்டுகிறார்கள்.

மறுபடியும்: "அவர் லிஃப்ட் மெக்கானிக். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. கால்கள் போய்விட்டன. விழுங்குவது சிரமம். புத்திக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை." இது பரவாயில்லை.

அவர் ஊரில் சட்டம் அனுமதிக்கிறது. ஒரே நிபந்தனை: சாவதற்கான மருந்துக் கோப்பையை அவரே பிடித்து அவரே குடிக்க வேண்டும். வேறு யாராவது புகட்டினால் அது கொலை. (எந்த நாட்டுச் சட்டம் என்று தேடாதீர்கள். என் கதைக்கு நானே போட்டது.)

போட்ட பிறகுதான் அதிலிருந்த கண்ணி தெரிந்தது. அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க ஆசை. ஆனால் கை ஓய்ந்துவிட்டால் வழி அடைபட்டுவிடும். கை இருக்கும்போதே போனால்தான் உண்டு.

3

அவர் மனைவியை எழுதுவதில் திணறினேன். முதலில் அழவைத்தேன், பொய்யாக இருந்தது. பிறகு தலையணை உறையை மாற்றவிட்டேன், தானே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னும் ஒரு மாசம் பாப்போமே."

"ஒரு மாசத்துல கை இருக்காது."

"கை இல்லாட்டி என்ன, நான் இல்லையா?"

"இதுல மட்டும் நீ கைவைக்கக் கூடாது."

உறையின் பித்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டாள். எனக்கு அவள்மேல் இரக்கமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. (கொழுந்தியாள் இவள் வாய்க்குள் புகுந்து பேசுகிறாளோ?)

4

அந்த நாள். டாக்டரம்மா கோப்பையை மேசையில் வைத்தார்.

"இத குடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?"

"செத்துருவேன்."

"இப்பவும் வேணாம்னு சொல்லலாம்."

"தெரியும்."

மெக்கானிக் கையை நீட்டினார். அதற்குள் மனைவி கோப்பையை எடுத்துத் தன் உதட்டருகே கொண்டுபோய்விட்டாள்.

இதை நான் திட்டமிடவில்லை. அவருக்குப் புரையேற ஆரம்பித்ததிலிருந்து எதையும் அவள் ஒரு வாய் பார்க்காமல் கொடுத்ததில்லை. சூடு பார்க்க வேண்டும், கெட்டியா என்று பார்க்க வேண்டும். அவள் கை தன் வேலையைச் செய்துவிட்டது. டாக்டரம்மா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். உதடு நனையவில்லை. கோப்பை மேசைக்குத் திரும்பியது.

மெக்கானிக்தான் கேட்டார்:

"சூடா இருக்கா?"

"இல்ல, சரியா இருக்கு," என்றாள் மனைவி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது புரிந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அவர் கை மறுபடியும் கோப்பையை நோக்கி—"

5

இங்கே நின்றுவிட்டேன்.

அவர் குடித்தால் என் கட்டுரை ஜெயிக்கும். எழுதினேன். தரையில் இருப்பவளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நாளைக்குப் பாக்கலாம்" என்று அவர் சொன்னால் கொழுந்தியாள் ஜெயிப்பாள். அதையும் எழுதினேன். நாளை, நாளை என்று கை ஓய்ந்தது. மூச்சுக்குத் தவித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்காமல் தாளைக் கிழித்தேன்.

மனைவி எழுந்து வந்து, கோப்பைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து— இல்லை. என் சட்டம் அவளை ஜெயிலில் போடும். சட்டத்தை மாற்றிவிடலாமே என்பீர்கள். மாற்றினால் நாளை எவன் யார் வாயில் எதை ஊற்றுவானோ என்று பயமாக இருக்கிறது. இந்தப் பயத்தைக் கட்டுரையில் நான் எழுதவில்லை.

வெட்கத்தை விட்டுக் கொழுந்தியாளுக்குப் படித்துக் காட்டினேன். ஜெயித்த முகமில்லை அவளுக்கு.

"அவருக்குக் கை இன்னும் வேலை செய்யுதா?"

"செய்யுது."

"அப்ப சீக்கிரம் முடிவு பண்ணுங்க அத்தான். நீங்க யோசிக்கிறதெல்லாம் அவரோட நேரம்."

என்னால் முடியவில்லை. உங்களிடம் தருகிறேன். கோப்பை அவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மனைவி தரையில் இருக்கிறாள். குடிக்கட்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் நான் மறுக்க மாட்டேன். ஆற அமர யோசிக்க மட்டும் உங்களுக்கு நேரமில்லை. அவருடைய சுண்டுவிரல் இப்போதே மடங்க மறுக்கிறது.