மேல்வீட்டு விசில்

தையல்காரிக்கு அந்தக் கட்டடத்தில் ஊசி என்று பெயர். ஆளும் ஒல்லி, தொழிலும் அது, யாராவது சமையலில் கோட்டைவிட்டால் குத்துவதும் அப்படித்தான். குத்துகிற உரிமை அவளுக்கு உண்டு என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுப் பயறு வேகிற பதம் வேறு யார் வீட்டிலும் வராது. தோல் வெடித்திருக்காது, உள்ளே பூப்போல இருக்கும். எப்படி என்று கேட்டால், "எல்லாம் கைப்பக்குவம்" என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள்.

அந்தக் கைப்பக்குவம் இந்த வாரம் காணாமல் போய்விட்டது. திங்கட்கிழமை பயறு கல். செவ்வாய்க்கிழமை பாதி கல், பாதி கரி. புதன்கிழமை அவள் கணவர் ஒரு வாய் போட்டுவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டே எழுந்து போனார். வியாழனும் வெள்ளியும் ரொட்டி. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருவதாகச் செய்தி வந்தது.

நாத்தனார் சாதாரண ஆள் இல்லை. கல்யாணத்தன்றே பந்தியில் உட்கார்ந்து, தைக்கத் தெரிந்தவளுக்குச் சமைக்க எங்கே தெரியப்போகிறது என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னவள். ஆறு வருஷமாக வரும்போதெல்லாம் இவள் வைக்கிற பயற்றைத் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கைகழுவப் போகிறாள். அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் ஊசி பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை கல்லை வைத்தால் பதக்கம் போச்சு. போதாததற்கு நாத்தனார் போன மாதம்தான் பல்செட் கட்டியிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் சனிக்கிழமை வந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம், யார் புதுச் சாமான் வாங்கினாலும் அதை எல்லாருக்கும் காட்டியாக வேண்டும். காட்டினால் மட்டும் போதாது, அங்கேயே அதில் சமைத்துக் காட்ட வேண்டும். அந்தக் கட்டடத்தில் அதுதான் சட்டம். இந்த மாதம் ஊசி வீட்டுக்கு நேர் மேலே இருக்கும் நர்ஸ் அக்கா வீட்டில் கூடினார்கள். எதிர்வீட்டு டீச்சர் வந்தாள். ஊசிக்கு நேர் கீழே குடியிருக்கும் பல் டாக்டரின் மனைவியும் வந்தாள். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் அவள் பெயர் இன்னும் புதுப்பொண்ணுதான்.

முதலில் டீச்சர் தன் வெங்காயம் நறுக்கியைக் காட்டினாள். உள்ளே வெங்காயத்தைப் போட்டு மூடி, மேலே இருக்கும் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் பொடிப்பொடியாகிவிடும். ஐந்து இழுப்புப் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. டீச்சர் வகுப்புப் பழக்கத்தில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணி இழுத்தாள். நாலாவது இழுப்பில் கயிறு கையோடு வந்துவிட்டது. அதற்கடுத்து புதுப்பொண்ணு ஒட்டாத தோசைச் சட்டியைப் பெருமையாக அடுப்பில் வைத்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, பாருங்கள் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று சட்டியைச் சாய்த்தாள். முட்டை சொன்னபடி வழுக்கிக்கொண்டு போய் டீச்சரின் மடியில் இறங்கியது. ஒட்டவே இல்லை, சொன்னது பொய்யில்லை என்று டீச்சரே சான்றிதழ் கொடுத்தாள். சிரித்துச் சிரித்து நர்ஸ் அக்காவுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

விக்கலோடு விக்கலாக அவள் தன் மேடையிலிருந்த துணியை விலக்கினாள். கறுப்பாக, குண்டாக, சின்ன விமான இயந்திரம் மாதிரி ஒரு கரண்ட் குக்கர் உட்கார்ந்திருந்தது. ஆவி வராது, விசில் வராது, வெந்ததும் குருவி இருமுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் போடுமாம். திங்கட்கிழமையிலிருந்து இதில்தான் சமையல் என்றாள்.

ஊசிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. திங்கட்கிழமை.

பழைய குக்கர் என்ன ஆச்சு என்று கேட்டாள். அது வாசலில் பையில் இருக்கிறது, புதுசுக்கு மாற்றாக அஞ்சு மணிக்குக் கடைக்காரன் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றாள் நர்ஸ் அக்கா. கடிகாரத்தில் நாலே முக்கால்.

ஊசி உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் குக்கர் போகும். கீழே வண்டி ஹாரன் அடித்தது. மானத்தைவிட நாத்தனார் பெரிய பயம்.

"அக்கா, அந்தக் குக்கரைக் குடுத்துடாதீங்க. ஆறு வருஷமா நான் அதுலதான் சமைக்கிறேன்."

நர்ஸ் அக்காவின் விக்கல் அப்படியே நின்றுவிட்டது.

"என் வீட்டுக் குக்கர்லயாடி சமைக்கிறே?" என்றாள் நர்ஸ் அக்கா.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே அளவில் வாங்கிய குக்கர்கள் அவை. வாங்கின மூன்றாம் வாரமே ஊசி ஜன்னலோரம் மூடியை உதறியபோது, தலையில் உட்காரும் வெயிட் எகிறிப் போய்ச் சாக்கடையில் விழுந்துவிட்டது. மாற்று வெயிட் ஒன்று வாங்கிப் போட்டாள். அது ஊமை, புஸ் புஸ் என்று மூச்சு மட்டும் விடும். வேறு வாங்க வேண்டும் என்று நினைத்தபோதுதான் மேலேயிருந்து விசில் கேட்டது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் கண் ஊசியில், கை துணியில்; காது மட்டும்தான் சமையலுக்கு மிச்சம். மேலே குக்கர் அடுப்பேறுகிற டங்கென்ற சத்தம் கேட்டால் இவளும் பற்ற வைப்பாள். மேலே நாலு விசில் வந்தால் இங்கே அணைப்பாள். நர்ஸ் அக்கா வீட்டிலும் தினம் பயறு, இங்கேயும் பயறு. நர்ஸ் அக்கா ஊருக்குப் போனால் இங்கே ரொட்டி. இந்த வாரம் அவளுக்கு நைட் டியூட்டி என்று நினைத்து, குருட்டாம்போக்கில் சமைத்துத்தான் கல்லானது.

"அப்ப கைப்பக்குவம்?" என்றாள் டீச்சர்.

"காதுப்பக்குவம்" என்றாள் ஊசி, தலையைக் குனிந்துகொண்டு.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் மடியிலிருந்த முட்டைக் கறையைச் சுரண்டிக்கொண்டே, மூன்றாவது விசிலுக்குத்தான் தான் தினமும் செருப்புப் போடுவதாகவும், இந்த வாரம் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதாகவும் மெல்லச் சொன்னாள். புதுப்பொண்ணு அதற்கும் மேலே. அலாரத்துக்கு அசையாத அவள் கணவன் முதல் விசிலுக்குத்தான் எழுந்திருப்பானாம். புதன்கிழமை ஒரு நோயாளி பல்லைப் பிடித்துக்கொண்டு பூட்டின கதவுக்கு வெளியே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார்.

நர்ஸ் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவிங்களா. கீழே ஒருத்தி தைக்கிறா, எதிர்ல ஒருத்தி பரீட்சைப் பேப்பர் திருத்துறா, நம்ம சத்தம் தொந்தரவா இருக்குமேன்னுதானடி நான் இதையே வாங்கினேன்."

அப்புறம்தான் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பில் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டாள், புதுப்பொண்ணு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரன் மாடியேறி வந்து கதவில் நின்று நாலு பெண்களையும் பார்த்து, தப்பான வீடோ என்று ஒரு படி இறங்கினான். நர்ஸ் அக்கா ஓடிப்போய்ப் பையைத் திறந்து, பழைய குக்கரின் தலையிலிருந்த வெயிட்டைக் கழற்றி ஊசியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். இது இல்லாமல் எடுத்துக்கொள்வாயா என்று அவனைக் கேட்டாள். பிடி இரண்டும் இருந்தால் போதும் என்றான் அவன்.

ஒரே அளவுக் குக்கர், ஒரே அளவு வெயிட். ஞாயிற்றுக்கிழமைக் காலை ஊசி அதைத் தன் மூடியில் உட்காரவைத்தாள், அச்சாகப் பொருந்தியது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மெஷினுக்குப் போனாள். நாத்தனாருக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிற வேலை பாக்கி.

முதல் விசில் வந்தது. ஞாயிறு என்றுகூடப் பாராமல் பல் டாக்டர் கீழே எழுந்து, நேரம் பார்த்து, ஏதோ முனகியது கேட்டது. இரண்டு, மூன்று, நாலு. ஊசி கொக்கியிலேயே குறியாக இருந்தாள். ஐந்து, ஆறு. இனி தன் விசிலுக்குத்தான் அணைக்க வேண்டும் என்று இருந்தவளுக்கு, பழகின காதில் விசில் என்றால் மேல்வீடுதான். அக்கா வீட்டில் இன்றைக்குப் பலத்த சமையல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நூலைக் கடித்தாள். எட்டும் ஆயிற்று. ஒன்பதாவது விசிலுக்கு மேல்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது.

"அடியே, அது உன் குக்கர்டி! அணைச்சுத் தொலை!"

பயறு பயறாக இல்லை. கரண்டியால் எடுத்தால் ஒழுகியது. வேறு வைக்க நேரமில்லை, நாத்தனார் படியேறிக்கொண்டிருந்தாள். ஊசி சோற்றுப் பக்கத்தில் அதை ஊற்றிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் ஒரு வாய் போட்டாள். மெல்லவேண்டிய அவசியம் வரவில்லை. இன்னொரு வாய். தட்டை நீட்டி மறுபடி வாங்கினாள், மூன்றாவது தடவையும் வாங்கினாள். ஆறு வருஷத்தில் முதல்தடவையாக அந்தச் சாப்பாட்டைப் பற்றி வாயைத் திறந்தாள்.

"இன்னைக்குத்தான் உனக்குப் பயறு வெந்திருக்கு. எத்தனை விசில் வெச்சே?"

"ஒன்பது அண்ணி" என்றாள் ஊசி. "கைப்பக்குவம்."

மேலே ஜன்னலில் யாருக்கோ விக்கல் எடுத்தது.