அண்டா இரண்டு

காலை ஏழரை மணிக்கு வங்கியின் முன்வாசலில் கிளை அலுவலர் எழில்மொழி நின்றபோது தண்ணீர் முழங்காலைத் தொட்டிருந்தது. சென்ற வருடம் தூணில் அவளே சிவப்புப் பெயின்ட்டால் போட்ட கோடு முழுகிப் போயிருந்தது. கோடு முழுகினால் கிளை இந்தக் கட்டடத்தில் இயங்கக் கூடாது என்பது அவள் எழுதி வைத்த விதி. எழுதியபோது அந்தக் கோட்டை உண்மையிலேயே தேடிப் பார்க்கும் நாள் வரும் என்று அவளே முழுதாக நம்பியிருந்தாளா என்று இப்போது தெரியவில்லை.

தலைமை அலுவலகம் ஆண்டுதோறும் அனுப்பும் பேரிடர் படிவத்தில் வெள்ளம் என்றால் ஆறுதான். காவிரியில் எவ்வளவு, கொள்ளிடத்தில் எவ்வளவு என்று நிரப்ப இரண்டு கட்டங்கள். குத்தாலத்துக்குக் கிழக்கே பிறந்து வளர்ந்த எழில்மொழிக்கு ஊருக்குள் தண்ணீர் எப்படி வரும் என்று தெரியும். வயலில் நின்ற மழைநீர் வடிகாலுக்குப் போகும். வடிகாலை வெங்காயத்தாமரை அடைத்திருக்கும். போக வழியில்லாமல் அது திரும்பி, கொல்லைப்புறமாகச் சத்தமில்லாமல் வீட்டுக்குள் ஏறும். படிவத்தில் வடிகாலுக்கு இடமில்லை. சென்ற வருடம் ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்து அதை எழுதினாள். மாற்று இடம் என்ற வரியில் எல்லா வருடமும் 'கும்பகோணம் கிளை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். சாலை முழுகிய பிறகு கும்பகோணத்துக்கு எதில் போவது? அதை அடித்துவிட்டு, நூறடி தள்ளியிருக்கும் கல்யாண மண்டபத்தின் மாடி என்று எழுதினாள். கருவிகளைக் கொண்டுசெல்லும் முறை என்ற இடத்தில், 'மண்டபத்துச் சமையல் அண்டா, இரண்டு.'

மேலாளர் குணசேகரன் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

"ஹெட் ஆபீசுக்குப் போற பேப்பர் மேடம் இது. படிக்கிறவன் நாம சமையல் கான்ட்ராக்ட் எடுத்திருக்கோம்னு நெனச்சுக்குவான்."

"மிதக்கும் சார்," என்றாள் எழில்மொழி. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு மேசையில் அவள் 'அண்டா மேடம்' ஆனாள்.

நகைப் பொட்டலங்களையும் பத்திரங்களையும் முந்தாநாளே பெட்டக அறையின் மேல்தட்டுகளுக்கு ஏற்றிப் பூட்டியாயிற்று. இன்று காப்பாற்ற வேண்டியது வேறு. சம்பாப் பயிருக்குக் காப்பீடு பதிய இன்றுதான் கடைசி நாள். மூன்று நாள் மழையில் கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து, என்ன பயிர் என்று சான்று சொல்லும் அடங்கல் நேற்று மாலைதான் வந்து சேர்ந்தது. பதிய இருந்த இன்னொரு இடமான இ-சேவை மையத்தில் இரண்டு நாளாக மின்சாரம் இல்லை. இன்னும் அறுபத்து மூன்று பேர் பாக்கி. பயிர் இப்போதைக்குத் தலை தூக்கித்தான் நிற்கிறது. ஆனால் கடலில் அடுத்த புயல் உருவாகியிருக்கிறது என்று வானொலி சொல்லிவிட்டது. செல்போன் கோபுரத்தில் டீசல் பதினொன்றரை வரைதான் தாங்கும் என்று அதைப் பார்த்துக்கொள்பவர் சொல்லியிருந்தார். அதன் பிறகு இணையம் கிடையாது.

மடிக்கணினிகளையும் கைரேகைக் கருவியையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஓர் அண்டாவில் வைத்தார்கள். பேட்டரியும் பிரிண்டரும் மற்றதில். குணசேகரன் கால்சட்டையைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு முதல் அண்டாவைத் தள்ளினார். எழில்மொழி இரண்டாவதை. தெருவின் பள்ளத்தில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. மூன்று நடை. கடைசி நடையில் அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நெஜமாவே மிதக்குதுங்க மேடம்."

அவள் அண்டாவை மண்டபத்துத் தூணில் கட்டிவிட்டு, உள்ளிருந்ததை இறக்கத் தொடங்கினாள்.

ஒன்பதரைக்கு மாடியின் பந்தி மேசையில் எல்லாம் தயாராக இருந்தன. படிக்கட்டு முழுக்க ஆட்கள், பாலிதீன் பையில் சிட்டாவும் அடங்கலும் பாஸ்புக்குமாக. கணினியை உயிர்ப்பித்தாள். அந்தப் படிவத்தோடு அவள் எழுதி அனுப்பிய பதினொரு பக்கத் திட்டம், ஒவ்வொரு வரியும் அவள் கையெழுத்தில் இருந்தபடியே நடந்திருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ரேகைக் கருவியில் விரலை வைத்தாள். அலுவலர் ரேகை விழுந்தால்தான் கணினி உள்ளே விடும்.

சிவப்பு விளக்கு.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு. விரலைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு மணி நேரத் தண்ணீரில் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி யாருடைய விரலோ போல இருந்தது. குணசேகரன் தன் விரலை வைத்துப் பார்த்தார். அதுவும் அப்படித்தான். இன்னும் இரண்டு முறை தவறினால் கணினி பூட்டிக்கொள்ளும். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"மெயில் போடச் சொல்றாங்க. மதியத்துக்குள்ள வேற வழி பண்ணித் தர்றாங்களாம்."

மதியத்தில் கோபுரத்தில் சிக்னல் இருக்காது. பதினொரு பக்கங்களையும் எழில்மொழி மனதுக்குள் புரட்டினாள். பேட்டரி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி, அண்டா. விரல் ஈரமாகும் என்று எங்கேயும் இல்லை.

வரிசையில் முதலாவதாக ராஜாத்தி நின்றிருந்தாள். மூணு மா நிலம், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், குத்தகைக்குப் பார்க்கிறவள். நாற்பது வயதிருக்கும்.

"என்ன மேடம், விழலையா?"

"விழலங்க."

ராஜாத்தி படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். "மேடத்துக்கு ரேகை விழலையாம்."

சிரிப்பு ஒவ்வொரு படியாக இறங்கிப் போயிற்று. கீழேயிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. "நாளைக்கு வரச் சொல்லு."

எழில்மொழிக்குக் காது சுட்டது. அது அவளுடைய வாக்கியம். கோடையில், ரேகை விழாமல் நின்ற இதே ராஜாத்தியிடம் மூன்று நாள் தொடர்ந்து, கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னது. மூன்று நாளும் அவள் நடவுக் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பாள் என்று அப்போது நினைக்கவில்லை. எழுந்து நின்று ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

ராஜாத்தி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வீடு முழுகி மண்டபத்தில் ஏறியிருந்தவர்களுக்காக மாடி மூலையில் டீ போட்டுக்கொண்டிருந்த விறகடுப்பிலிருந்து ஒரு பிடி ஆறிய சாம்பலும், ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையச் சூடான டீயும் கொண்டுவந்தாள்.

"கையக் குடுங்க."

சாம்பலை விரல் விரலாகத் தேய்த்து, மடித்துச் செருகியிருந்த காய்ந்த முந்தானையால் துடைத்தாள். பிறகு டம்ளரை எழில்மொழியின் இரு கைக்குள்ளும் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. டீயின் சூடு மெல்ல எலும்புக்குள் இறங்கியது. எழில்மொழி கையை இழுத்துக்கொள்ள நினைத்தாள். இழுக்கவில்லை.

"அவசரப்படாதீங்க. ஊறின தண்ணி வெளிய வரணும். நாத்துப் பறிச்சுட்டு ரேஷன் கடைக்குப் போனா எங்களுக்கு எப்பவும் இதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, அன்னிக்கு."

"நீங்க எங்க நிமுந்து பாத்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னாள். பிறகு டம்ளரை வாங்கி வைத்தாள்.

"இப்ப காதுக்குப் பின்னாடி முடியில ஒரு தேய் தேயுங்க. லேசா எண்ணெப்பசை வேணும்."

எழில்மொழி மழைக்குக் கட்டியிருந்த தலைத் துண்டை விலக்கித் தேய்த்தாள். விரலை வைத்தாள். கருவியின் கண்ணாடி ஒருகணம் யோசித்தது. பச்சை.

குணசேகரன் மூச்சை விட்டார். திட்டத்தின் கோப்பை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "இத எங்க எழுதறது மேடம்?"

"பன்னெண்டாம் பக்கம் போடுங்க சார். விறகுச் சாம்பல் ஒரு பிடி. டீ ஒரு டம்ளர்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. எழுதினார். 'சூடாக' என்று அவராகவே ஒரு சொல் சேர்த்தார்.

"பேரச் சொல்லுங்க," என்றாள் எழில்மொழி, நிமிர்ந்து பார்த்து.

"தெரியாதாக்கும்," என்றாள் ராஜாத்தி. அடங்கலை நீட்டினாள்.

பத்து மணி. அறுபத்து மூன்று பேர். முதல் ரசீதை பிரிண்டர் இழுத்து வெளியே தள்ளியபோது எழில்மொழி படிக்கட்டைப் பார்த்தாள். காப்பீட்டுக்கு அவர்களிடம் ரேகை தேவையில்லை, கையெழுத்தே போதும். அதைச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வரிசை அதற்குள் தானாகவே தயாராகிவிட்டிருந்தது. மேல்படியிலிருந்து தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த கடைசிப் படி வரை ஒவ்வொருவரும் சத்தமில்லாமல் வலது கைவிரலைத் தலைமுடியில் தேய்த்தபடி நின்றார்கள். அவர்களுக்குக் கீழே, தூணில் கட்டிய இரண்டு அண்டாக்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன.