பந்து பொறுக்கும் சட்டம்

வயதானவர்கள் கூடினால் என்ன பேசுவார்கள் என்று கிரேன்காரரிடம் கேட்டால் காறித் துப்பாத குறையாகப் பதில் வரும். "ஒருத்தன் மலச்சிக்கல் பேசுவான். இன்னொருத்தன் அதுக்கு மருந்து சொல்லுவான். மூணாவது ஆளு அந்த மருந்தைச் சாப்பிட்டுச் செத்தவனைப் பத்திப் பேசுவான். கேட்டா நட்பாம்!"

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர் அவர். அந்தரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலின் வயிற்றிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கிக் கரையில் வைப்பதும், கரைப் பெட்டிகளைக் கப்பலுக்குள் இறக்குவதும் வேலை. மனிதர்களை உச்சந்தலைகளாகவே பார்த்துப் பழகிய ஆள். ஓய்வு பெற்றுத் தரைக்கு வந்த பிறகும் அந்தப் பார்வை மட்டும் மேலேயே தங்கிவிட்டது. எதிரில் நின்று பேசுகிறவரைக்கூடக் குனிந்து பார்ப்பது போலத்தான் பார்ப்பார், அந்த மனிதர் இவரைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாலும்.

அவர் குடியிருந்த அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஒரு கூடம் இருந்தது. 'மூத்தோர் உடற்பயிற்சிக் கூடம்' என்று வாசலில் பலகை. உள்ளே ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, சுவரோரம் மடக்கு நாற்காலிகள், யாரும் ஏறி மிதிக்காத ஒரு சைக்கிள். அந்தச் சைக்கிளின் கைப்பிடியில் எப்போதும் யாருடைய துண்டாவது காய்ந்துகொண்டிருக்கும். கூடம் திறந்த புதிதில் மூத்தோர் எல்லோரும் புத்தம் புது ஷூ மாட்டிக்கொண்டு தினமும் தவறாமல் வந்தார்கள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் ஸ்கேன் படங்களைக் காட்டிக்கொண்டார்கள். ஒருவர் தன் பித்தப்பைக் கல்லைக் குப்பியில் போட்டு எடுத்து வந்து, பேரன் வாங்கிய மெடலைக் காட்டுவது போலச் சுற்றுக்கு விட்டார்.

கிரேன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மட்டையால் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"இனிமே இந்த ஹாலுக்குள்ள எவன் நோய்ப் பேச்சு பேசினாலும், அன்னிக்கு முழுக்க அவன்தான் பந்து பொறுக்கணும். சொல்லிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சட்டம் நிலைத்துவிட்டது. இந்தப் பூமியில் முதியவர்கள் சாவுக்குக்கூட அவ்வளவு பயப்படுவதில்லை, குனிவதற்குத்தான் பயப்படுகிறார்கள். அந்த மேஜையில் அடிக்கும் பந்தில் பாதி தரைக்குத்தான் போகும். போனால் நாற்காலிகளுக்கு அடியிலும் சைக்கிளுக்குப் பின்னாலும் போய் ஒளிந்துகொள்ளும். நன்றாக ஆடக்கூடிய டைப்பிஸ்ட் அம்மா ஒருநாள் "காலைலேர்ந்து இந்த இடுப்பு..." என்று ஆரம்பித்து, கிரேன்காரரின் புருவம் உயர்வதைப் பார்த்ததும் "...இடுப்புல சாவிய வெச்சிருந்தேன், காணோம்" என்று முடித்தார். கூடம் சுத்தமாகிவிட்டது என்று கிரேன்காரருக்கு ஒரே பெருமை. வலி யாருக்கும் போகவில்லை. வாசலுக்கு வெளியே, செருப்பு மாட்டும் இடத்தில் நின்று பேசிவிட்டு உள்ளே வந்தார்கள். அவருக்கு அது தெரியாது.

மொத்த உலகத்தில் அவர் மதித்தது ஒரே ஒரு ஆளைத்தான். அவர் சிக்னல்காரர். அதே துறைமுகத்தில் கீழே நின்று கையால் சைகை காட்டியவர். கூண்டிலிருந்து பார்த்தால் கப்பலின் அடித்தளம் வெறும் இருட்டு. பெட்டி எங்கே இறங்குகிறது, அடியில் ஆள் நிற்கிறானா என்று மேலே இருப்பவனுக்குத் தெரியாது. கப்பல் விளிம்பில் நிற்கும் சிக்னல்காரர் விரலைக் கீழே காட்டிச் சுழற்றினால் இறக்க வேண்டும். அந்தச் சுழலும் விரலுக்கு மேல் இன்னொரு உள்ளங்கையைக் குடை பிடித்தால் மெதுவாக இறக்க வேண்டும். கையை நீட்டினால் நிறுத்த வேண்டும். யார் பேச்சையும் கேட்காத கிரேன்காரர் அந்தக் கை சொன்னதை ஒருநாளும் மறுத்ததில்லை. இறக்கிய பெட்டி ஒருநாளும் ஒருவர் காலிலும் விழுந்ததில்லை.

அதே அடுக்குமாடியில் அடுத்தடுத்த வீடு, அதே மேஜையில் இரட்டையர் ஆட்டம். இருவரும் ஜோடி சேர்ந்தால் எதிரில் நிற்கிறவர்களுக்கு முகத்தில் ஈயாடாது. பக்கத்துக் குடியிருப்பு முதியவர்களுடன் வருடா வருடம் ஒரு போட்டி நடக்கும். கோப்பை, தகரத்துக்கு முலாம் பூசிய ஒரு சமாச்சாரம், எப்போதும் கிரேன்காரர் வீட்டு டிவி மேல்தான் இருக்கும்.

அந்த வருடம் சிக்னல்காரர் சொதப்ப ஆரம்பித்தார். வலப்பக்கம் வந்த பந்தை வெளுத்து வாங்கினார். இடப்பக்கம் வந்ததை, ஏதோ அது இன்னொருவர் வீட்டுப் பந்து என்பது போலப் போகவிட்டார். இரட்டையரில் மாறி மாறித்தான் அடிக்க வேண்டும், இவருக்குப் பதிலாக அவர் பாய்ந்து அடிக்கவும் முடியாது. கிரேன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். பொறுமை என்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, சீக்கிரமே தீர்ந்துவிட்டது.

"என்னடா, தூங்கறியா? உன் மூக்குக்குக் கீழ போகுது பந்து!"

"கவனிக்கல. விடு."

"கவனிக்காம என்னத்தப் பாத்துக்கிட்டிருந்த? வயசானா புத்தி மழுங்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். உனக்கு இவ்வளவு சீக்கிரமாவா?"

சிக்னல்காரர் மட்டையைத் துடைத்தார். டைப்பிஸ்ட் அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, கிரேன்காரரைப் பார்த்து மூடிக்கொண்டார்.

மறுநாளே கிரேன்காரர் ஜோடியை மாற்றினார், அதையும் எல்லோருக்கும் முன்னால், உரக்க. "போட்டிக்கு நானும் மேனேஜர் சாரும் ஆடறோம். அரைத் தூக்கத்துல ஆடறவன கூட வெச்சுக்கிட்டு நான் மானம் கெட முடியாது." எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மேனேஜர் என்பவர் வங்கியில் மேனேஜராக இருந்து, இன்னும் அதிலிருந்து இறங்காதவர். நெற்றியில் வியர்வைப் பட்டை, மணிக்கட்டில் பட்டை, முழங்காலில் பட்டை. மட்டைக்குத் தனி உறை, உறைக்குத் தனிப் பை. ஒவ்வொரு பந்தையும் தவறவிட்டுவிட்டு "ஸ்ட்ராட்டஜி சார், ஸ்ட்ராட்டஜி" என்பார். கிரேன்காரர் அவரை மனதார வெறுத்தார். ஆனாலும் அந்த ஆள் இரண்டு பக்கமும் மட்டையை வீசினார், அது போதும்.

சிக்னல்காரர் அன்று மட்டையை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

"ரோஷத்தப் பாரு. வரட்டும், வந்து கேட்கட்டும்" என்றார் கிரேன்காரர். நாட்கள் போயின, யாரும் வந்து கேட்கவில்லை. மேனேஜரின் ஸ்ட்ராட்டஜியைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்தது. அடுத்த வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் வேண்டுமென்றே செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். கதவு மூடிய பிறகு அதே பக்கத்தை இன்னொரு தடவை படிப்பார்.

ஒரு காலை, மருந்துக்கடை முனையில் சிக்னல்காரர் எதிரே வந்தார். நிதானமாக, நடைபாதை ஓரமாக. கிரேன்காரர் அவருக்கு இடப்பக்கம் இருந்த சுவரையொட்டி வந்துகொண்டிருந்தார். பார்க்காதது போல் போய்விடலாமா என்று ஒரு நொடி யோசித்தார். பிறகு, யாருக்கும் காட்டாத தாராளத்தைக் காட்டிக் கையை உயர்த்தினார்.

சிக்னல்காரர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கடந்து போனார்.

உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார் கிரேன்காரர். கடைக்காரன் பார்த்துவிட்டானோ என்று வேறு இருந்தது. வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினார்.

"கை தூக்கறேன், பாத்தும் பாக்காத மாதிரி போறான்! இவன நம்பி நான் பெட்டி இறக்கினேன் பாரு. ஒரு டேபிள் டென்னிஸுக்கு இவ்வளவு திமிரா?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த துணியைத் தொப்பென்று கட்டிலில் போட்டார்.

"எந்தப் பக்கமா வந்தீங்க?"

"எந்தப் பக்கமா வந்தா என்ன? சுவத்துப் பக்கம்."

"அவருக்கு இடது பக்கமா?"

"ஆமா, அதுக்கு?"

"அந்தப் பக்கம் அவருக்குப் பார்வை கிடையாது. கண்ணுல பிரஷராம். நேரா இருக்கறது தெரியும், இடது ஓரத்துல சுத்தமா ஒண்ணும் தெரியாது. போனது போனதுதானாம், டாக்டர் சொல்லிட்டாரு. ஊருக்கே தெரியும். அவரு சம்சாரம் எங்கிட்ட அழுதாங்க. அந்த டைப்பிஸ்ட் அம்மாவுக்குத் தெரியும். பட்டை பட்டையா கட்டிக்கிட்டு வருவாரே, அவருக்குக்கூடத் தெரியும்."

கிரேன்காரரின் குரல் இறங்கியது. 

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"உங்ககிட்டயா?" மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்த பார்வையில், கூண்டிலிருந்து அவர் ஊரைப் பார்த்த பார்வையெல்லாம் தோற்றுப்போனது. "சொன்னா பந்து பொறுக்கச் சொல்லுவீங்க. பெரிய சட்டம் போட்டீங்களே, மகாராஜா! நானே எனக்கு முட்டி வலிச்சா பக்கத்து வீட்டுலதான் போய்ச் சொல்றேன்."

கிரேன்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அரைத் தூக்கம் என்று சொன்னது ஞாபகம் வந்தது. புத்தி மழுங்கியது என்று சொன்னதும் வந்தது. எல்லோரும் ஏன் அப்போது தரையைப் பார்த்தார்கள் என்பது இப்போது புரிந்தது. அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அவனும் இல்லாவிட்டால் மிச்சமிருப்பது மேனேஜர்தான்.

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். சிக்னல்காரர் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கிரேன்காரர் அவருக்கு இடப்பக்கம் போய், சட்டென்று நின்று, சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். சிக்னல்காரர் அதைக் கவனித்தார்.

"யாரு சொன்னா?"

"நீ ஏன்டா சொல்லல?"

"நோய்ப் பேச்சு பேசக் கூடாதே."

"இது உன் வீடுடா. ஹால் இல்ல."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? பந்து பொறுக்க விட்டிருப்ப. பந்து எங்க கிடக்குன்னு தெரிஞ்சாத்தானடா பொறுக்க முடியும்?"

கிரேன்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிக்னல்காரர் சிரிக்கவில்லை.

"உன் பக்கத்துல நின்னு ஆடணும்னுதான் வாய மூடிக்கிட்டிருந்தேன். நீ எல்லார் முன்னாடியும் என்னத் தூக்கிப் போட்ட. கண்ணு போனதுக்குக்கூட நான் அவ்வளவு அழல. போ. நான் வரல."

மன்னிப்புக் கேட்கும் வழக்கம் கிரேன்காரரின் பரம்பரையிலேயே கிடையாது. எழுந்தார், வாசல் வரை போனார், திரும்பினார்.

"நாளைக்குக் காலைல வா. ஆட வேணாம். சும்மா வந்து உக்காரு. ஒரு தடவை. அப்புறம் என் மூஞ்சிலயே முழிக்காத."

சிக்னல்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூடத்தில் மேனேஜர் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார், அதாவது பந்துகளைக் கூடம் முழுக்க விதைத்துக்கொண்டிருந்தார். கிரேன்காரர் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெகுநேரம் கழித்து, தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சிக்னல்காரர் வந்தார். சுவரோரம் ஒரு நாற்காலியில், கூடம் முழுவதும் தன் வலப்பக்கம் வரும்படி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கிரேன்காரர் மட்டையால் மேஜையைத் தட்டினார்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு வலது முட்டி போச்சு. படி இறங்கும்போது கழுத கத்தற மாதிரி சத்தம் வருது. இன்னொண்ணு, எனக்கு ஒண்ணுக்கு அடங்கறதில்ல. இருமினா போகுது. சிரிச்சா போகுது. நீங்க யாராவது ஜோக் சொன்னா நான் ஏன் சிரிக்கறதில்லன்னு நினைச்சீங்க? உங்க ஜோக்கு மட்டம்தான். ஆனா காரணம் அது மட்டுமில்ல."

 மேனேஜர் கையிலிருந்த பந்து தவறி உருண்டது.

"அப்புறம், போட்டில நான் ஆடல. மேனேஜரும் டைப்பிஸ்ட் அம்மாவும் ஆடட்டும். தோத்துட்டு வாங்க. அந்தத் தகரத்தக் கொடுத்துடலாம்."

"அண்ணா," என்றார் டைப்பிஸ்ட் அம்மா மெதுவாக, "நோய்ப் பேச்சு பேசிட்டீங்க."

"தெரியும்மா. சட்டம் போட்டவனுக்குத் தெரியாதா?"

மட்டையை வைத்துவிட்டுப் பந்து பொறுக்கக் கிளம்பினார். முதல் பந்து மேஜைக்கு அடியில், சிக்னல்காரரின் நாற்காலிக்கு நேர் எதிரே கிடந்தது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முட்டி கூடம் முழுவதற்கும் கேட்கும்படி கத்தியது. பாதி வழியில் மாட்டிக்கொண்டார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. காலடியில் பந்து எங்கே இருக்கிறது என்று தொப்பை மறைத்தது. யாரோ உதவிக்கு எழுந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றார் சிக்னல்காரர்.

அவர் எழுந்து நின்றார். கிரேன்காரர் பாதி குனிந்த நிலையிலேயே தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக அந்த மனிதரைக் கீழிருந்து பார்த்தார். சிக்னல்காரர் ஒரு விரலைத் தரைக்கு நீட்டிச் சுழற்றினார். இன்னொரு உள்ளங்கையை அதற்கு மேல் குடையாகப் பிடித்தார்.

கிரேன்காரர் மெதுவாக இறங்கினார். சிக்னல்காரரின் கை நீளும் வரை இறங்கினார், நின்றார், பந்தை எடுத்தார்.

"இன்னும் நிறைய கிடக்கு. பொறுக்குடா" என்றார் சிக்னல்காரர். விரல் அடுத்த பந்தைக் காட்டியது.