மண்வெட்டியில் சுட்ட ரொட்டி

மதுரனுக்கு நான்கு வயது. மூன்று நாளாகச் சோற்றுக்கு வாயைத் திறக்கவில்லை.

காய்ச்சல் வந்து போய்விட்டது. வாந்தியும் நின்றுவிட்டது. ஆனால் பார்சல் பிரிக்கும் சத்தம் கேட்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பல்லை இறுக்கிக்கொண்டான். அவனுடைய அம்மா அம்மாக்கண்ணு, கன்னத்தை அழுத்தி ஒரு கவளத்தை உள்ளே தள்ளிப் பார்த்தாள். துப்பினான். முதுகில் ஓர் அடி வைத்தாள். அவன் அழவில்லை; அவளையே பார்த்தான். அதற்குப் பிறகு அவள் தள்ளவில்லை.

மண் சரிந்து தேயிலைத் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள், புதைந்து போனதிலிருந்து முப்பத்திரண்டு குடும்பம் கொத்மலைப் பக்கத்து இந்தப் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. இன்றோடு பதினோரு நாள். நான்காம் வகுப்பு அறையில் மட்டும் ஆறு குடும்பம். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் வாங்கு ஒன்று. அதுதான் சுவர். அந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் இந்தப் பக்கத்துக்காரர்கள் தூங்குவதுபோல நடிக்க வேண்டும்.

மூன்று வேளையும் வெளியிலிருந்து சாப்பாடு வந்தது. கொழும்பிலிருந்து வந்தது, கண்டியிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர்கள் நல்ல மனிதர்கள்தான், அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் விடியற்காலையில் கட்டிய சோறு உடைந்த பாதையில் மலையேறி வந்து சேர மத்தியானம் இரண்டு மணியாகிவிடும். பருப்பு புளித்திருக்கும். சம்பலில் மிளகாய்த்தூள் மட்டும் கெடாமல் இருக்கும். பெரியவர்கள் தின்றார்கள். பசித்தால் எதையும் தின்னலாம். பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது.

"ஒனக்கு என்னதான்டா வேணும்?" என்று காலையில் அம்மாக்கண்ணு கேட்டாள்.

"ரொட்டி."

"கடையில சுட்ட பாண் இருக்கு, தரவா?"

"பாண் இல்ல. ரொட்டி. அம்மா சுடுவியே, கறுப்புப் பொட்டு வச்ச ரொட்டி."

ஏழு வயது லோஜினி, தம்பிக்கு மொழிபெயர்ப்பாளர்போல இடையில் வந்தாள். "தீஞ்ச எடத்தச் சொல்றாம்மா. அதத்தான் மொதல்ல பிச்சுத் தின்னுவான்."

கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர். எண்ணெய்கூட வேண்டாம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் சமையல் என்று சொல்ல என்ன இருக்கிறது? விடிய ஐந்து மணிக்கு ரொட்டி, மலையில் பத்து மணிக்கு அதே ரொட்டி. சின்ன வயதில் அம்மாக்கண்ணுவுக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். இன்றைக்கு அந்த நான்கு பொருளும் எட்டாத உயரத்தில் இருந்தன.

எட்டாத உயரம் என்றால் வெகு தூரமில்லை. தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்து அறையில் மா மூட்டை கூரைவரை அடுக்கியிருந்தது. பூட்டுப் போட்டிருந்தது. முகாமைக் கவனிக்க ஒரு பையனைப் போட்டிருந்தார்கள். பெயர் கிஷாந்த். இருபத்தெட்டு வயது, டவுன் பக்கத்துப் பிள்ளை, கையில் எப்போதும் ஒரு ஃபைல். அவனிடம் போய்க் கேட்டாள்.

"ஒரு சுண்டு மா குடுங்க சேர். புள்ளைக்கு ரெண்டு ரொட்டி தட்டிப் போட."

"அது உலர் உணவு அக்கா. வீட்டுக்குத் திரும்பிப் போறவங்களுக்குக் குடுக்கிறது."

"வீடு எங்க சேர் இருக்கு?"

"அதத்தான் சொல்றேன். வீடு கெடச்சதும் தருவோம்."

"அதுவரைக்கும்?"

"பார்சல் வருதே. இங்க அடுப்பு மூட்டவும் ஏலாது. பள்ளிக்கூடக் கட்டடம். மேலிடத்து ஓடர்."

அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அதில் சிரிக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மாக்கண்ணு கீழே கடைவீதிக்கு இறங்கினாள். றுக்கையாவின் கடைக்குள்ளும் வெள்ளம் புகுந்திருந்தது. றுக்கையா சாமான்களை வெளியே எடுத்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஒரு மா மூட்டையின் வாயைப் பிரித்தாள்.

"அடி மா நனைஞ்சு கட்டியாப் போச்சு புள்ள. மேல் மா நல்லா இருக்கு. பிடி." வழித்து எடுத்ததில் மூன்று நான்கு ரொட்டிக்குத் தேறியது. அரைமூடித் தேங்காயையும் ஒரு கை உப்பையும் வைத்துக் கட்டினாள். "மாவ எங்க வச்சுச் சுடப்போற? சட்டி கிட்டி இருக்கா?"

"பாத்துக்கிறேன் அக்கா."

சட்டி மண்ணுக்குள் இருந்தது. ரொட்டிக்கல்லும் மண்ணுக்குள் இருந்தது. அம்மாக்கண்ணு திரும்பி ஏறும்போதே யோசித்துவிட்டாள். வந்ததும் புருஷனிடம், "அந்த மம்பட்டிப் பிடியக் கழட்டுங்க" என்றாள்.

ஜெயகாந்தன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். மலை முழுக்க ஏறி இறங்குவான், ஆனால் யாராவது கையில் கடதாசி வைத்திருந்தால் குரல் இறங்கிவிடும். லயத்திலிருந்து அவன் கையில் வந்த ஒரே சாமான் அந்த மண்வெட்டிதான். அன்றைக்கு விடியும்வரை அதை வைத்துத்தான் அடுத்த வீடான மாயாண்டியின் காம்பராவைத் தோண்டினான். மாயாண்டியை வெளியே எடுத்தார்கள். உயிர் இல்லை.

"அதுலயா?" என்றான். "அதுலதான் மாயாண்டி அண்ணன..."

"தெரியும். மூணு தரம் சாம்பல் போட்டுக் கழுவிக்கிறேன். மாயாண்டி அண்ணனும் ரொட்டி தின்ன மனுசந்தான். கோவிச்சுக்க மாட்டாரு."

"பார்சல் லிஸ்ட்டுல பேர வெட்டிருவாங்க புள்ள. வீடு குடுக்கிற லிஸ்ட்டும் அதே ஃபைல்லதான் இருக்கு."

"வீடு வரும்போது அதுக்குள்ள இருக்கப் புள்ள வேணும்ல? கழட்டுங்க."

அவன் கல்லால் தட்டிப் பிடியைக் கழற்றினான். தட்டும்போது இரண்டு முறை வாசலைப் பார்த்தான்.

விளையாட்டுத் திடலின் ஓரத்தில், கட்டடத்திலிருந்து நாற்பதடி தள்ளி, மூன்று கல் வைத்தாள். கட்டடம் எரியும் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. பள்ளிக்கு மேலே தேயிலைச் சரிவில் கவ்வாத்து வெட்டிப் போட்ட மிலாறு கிடந்தது. விரல் தடிமன் குச்சிகள். நனைந்திருந்தன, மேல்தோலைச் சீவி உள்குச்சியை எடுத்தாள். டின் மூடியின் விளிம்பால் தேங்காயைச் சுரண்டினாள். இரவல் வாங்கிய பாத்திரத்தில் மாவைப் பிசைந்து, உள்ளங்கையை நனைத்து, தட்டினாள். மண்வெட்டித் தகடு நெருப்பில் நீலமாகி மங்கியதும் முதல் ரொட்டியைப் போட்டாள்.

வாசனை கட்டடத்துக்குள் போனது. ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் தலைகள் தெரிந்தன. பிள்ளைகள் முதலில் வந்தார்கள். அப்புறம் பெண்கள். அப்புறம் கிஷாந்த்.

"அக்கா, என்ன இது? அணைங்க."

"ரெண்டு நிமிசம் சேர். ஒரு பக்கந்தான் வெந்திருக்கு."

"சொன்னா வெளங்காதா? அணைங்கன்னா அணைங்க."

அவள் ரொட்டியைப் புரட்டினாள். கிஷாந்த் அவளை விட்டுவிட்டு, கூடியிருந்தவர்களின் பக்கம் திரும்பினான். பேசத் தெரிந்த பையன்.

"நல்லாக் கேட்டுக்குங்க. கொஞ்ச நேரத்துல சாப்பாட்டு வேன் வருது. இங்க அடுப்பு எரியிறத அவங்க பாத்தா என்ன நெனப்பாங்க? இவங்க சமைச்சுத் தின்றாங்க, இவங்களுக்கு ஒரு கொறையும் இல்லன்னு வேற எடத்துக்குப் போயிருவாங்க. நாளைக்கு ஒரு பார்சலும் வராது. முப்பத்திரண்டு குடும்பமும் பட்டினி. யாராலன்னு நீங்களே பாத்துக்குங்க."

அது பொய்யான பேச்சு இல்லை. அப்படி நடக்கக்கூடும். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "அவ புள்ளைக்கு மட்டுந்தான் பசியா?" என்றாள் ஒருத்தி. "அணச்சுரு அம்மாக்கண்ணு, ஏன் வம்பு?" என்றாள் இன்னொருத்தி. ஜெயகாந்தன் கழற்றிய மண்வெட்டிப் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அம்மாக்கண்ணுவுக்கு முதுகு எரிந்தது. நெருப்பு முன்னால் இருந்தது, எரிந்தது முதுகுதான். ஆனாலும் திரும்பவில்லை. வெந்த ரொட்டியை எடுத்து லோஜினியின் கையில் கொடுத்து, "தம்பிக்கு ஊதிக் குடு" என்றாள். இரண்டாவதைத் தகட்டில் போட்டாள்.

"பேர வெட்டுவேன் அக்கா. வெளையாட்டுக்குச் சொல்லல." ஃபைலைத் திறந்தான்.

"வெட்டுங்க சேர்."

"வீட்டு லிஸ்ட்டும் இதுதான்."

"அதையும் வெட்டுங்க. தோட்டத்து லிஸ்ட்டுலயும் எங்கம்மா பேரு இருந்துச்சு, என் பேரு இருந்துச்சு. மண்ணு வந்தப்ப பேரப் பாத்தா வந்துச்சு?"

பேச்சியம்மா சிரித்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டியவள், மாயாண்டியின் பெண்டாட்டி, பதினோரு நாளில் இதுவரை சிரிக்காதவள். "பேனா இருக்கா சேர்? இல்லாட்டி அடுப்புல கரி இருக்கு, எடுத்து எழுதுங்க."

அந்தச் சிரிப்புதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. குழாயடியில் நிறைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரே வீச்சில் ஊற்றினான்.

தகடு சீறியது. ஆவியும் சாம்பலும் ஆளுயரத்துக்கு எழுந்தன. மிலாறு கறுத்துப் போனது. பாதி வெந்த ரொட்டி சேற்றில் கிடந்தது. பக்கத்தில் மாப் பாத்திரம். மிச்சப் பிசைந்த மாவின் மேல் சாம்பல் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அம்மாக்கண்ணுவின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

 கிஷாந்த் வெறும் வாளியை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் மதுரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வாளியையும் ஆவியையும் அவன் பார்க்கவில்லை. திடலோரத்து வாங்குப் பலகையில் அக்காவின் மடியில் உட்கார்ந்து, ரொட்டியின் கறுத்த பொட்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிய்த்து வாயில் போட்டான். அப்புறம் ஓரத்தைக் கடித்தான். அப்புறம் நடுவை. மூன்று நாளாக இறுக்கி வைத்திருந்த தாடை நிற்காமல் ஆடியது. முப்பது பேர் பார்ப்பதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. மூக்கு ஒழுகியது; அதோடு சேர்த்துத் தின்றான். முடித்துவிட்டுக் கையை நக்கினான்.

"அம்மா, இன்னொண்ணு."

அம்மாக்கண்ணு எழுந்தாள். மாப் பாத்திரத்தை எடுத்துக் கிஷாந்துக்கு முன்னால் பிடித்தாள். சாம்பல் தண்ணீரில் மா கரைந்து கொண்டிருந்தது.

"பாருங்க சேர். புள்ள இன்னொண்ணு கேக்குது. மாவக் கெடுத்தது நீங்க. நான் எங்க போய் எடுப்பேன்?"

"நான் வேணும்னு..." என்று தொடங்கினான்.  அவன் கண் பையன்மேலேயே இருந்தது.

"வேணும்னு செஞ்சீங்களோ வேணாம்னு செஞ்சீங்களோ. அந்த ரூம்ல மூட்டை மூட்டையா இருக்கு. இன்னும் ரெண்டு மாசத்துல வண்டு விழுந்துரும். அப்ப அதக் கொண்டுபோய்க் கொட்டுறதுக்கும் எங்க ஆம்பளைங்களத்தான் கூப்பிடுவீங்க. தொறங்க."

அவள் காத்திருக்கவில்லை. பாத்திரத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெறும் பாத்திரத்தோடு களஞ்சிய அறையை நோக்கி நடந்தாள். பேச்சியம்மா தன் பங்குக்கு ஒரு பிளாஸ்டிக் பேசினை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். "அவ புள்ளைக்கு மட்டுந்தான் பசியா" என்று கேட்டவள் தன் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். தேநீர்க் கேத்தலை எடுத்துக்கொண்டு அவளும் போனாள். கேத்தலில் மா வாங்க முடியுமா என்று யோசிக்கக்கூட அவள் நிற்கவில்லை.

ஜெயகாந்தன் குனிந்து அடுப்புக் கற்களைக் கொஞ்சம் மேட்டுப்பக்கம் நகர்த்தினான்.  "நான் பத்த வைக்கிறேன்" என்று பெண்டாட்டியின் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான். "நீ மாவோட வா." கிஷாந்த் பக்கத்தில் நிற்கும்போது அவன் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அறை வாசலில் பதினைந்து பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். கிஷாந்த் ஓடிவந்து கதவுக்கு முன்னால் நின்றான். வேர்த்திருந்தது.

"சாவி என்கிட்ட இல்ல அக்கா. சத்தியமா. பிரின்சிபல் வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு. என் வேலை போயிரும்."

"அப்ப அவரக் கூப்பிடுங்க."

"அவரு வர நேரமாகும். நீங்க இப்ப கிளாசுக்குப் போங்க, நான் பேசிட்டுச் சொல்றேன்."

அம்மாக்கண்ணு கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஈரச் சேலை காலில் ஒட்டியது.

"எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் சேர். எங்களுக்குப் போறதுக்கு எடமில்லன்னு நீங்கதான் அந்த ஃபைல்ல எழுதி வச்சிருக்கீங்க."

கிஷாந்த் ஃபோனை எடுத்து நம்பரைத் தேடினான். காதில் வைத்தான். பெண்கள் ஒவ்வொருவராகக் கீழே உட்கார்ந்தார்கள்.

"ரிங் போகுது, எடுக்கிறாரில்ல" என்றான்.

"எடுக்கிற வரைக்கும் அடிங்க" என்றாள் அம்மாக்கண்ணு.