பச்சை நூல் போட்ட பாதுகை

குரு கண்மூடியபோது காலில் கிடந்த செருப்பைச் சீடர்கள் இந்தத் தெருப் பிரார்த்தனைக் கூடத்துக்குத் தந்திருந்தார்கள். முக்காலியில் பூவோடு இருந்த அதன்முன் வரிசை நகர்ந்தது. தையல்காரிக்கு முன்னால் நின்ற நாத்தனார் மண்டியிட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புருஷன் செத்ததிலிருந்து தூக்கம் தொலைத்தவள். பாதுகை வந்த பிறகுதான் கண்ணயர்கிறாள்.

“அவர் பாதம் பட்டது அண்ணி. நல்லா கும்பிட்டுக்கோங்க.”

குனிந்த தையல்காரி குனிந்தபடியே நின்றுவிட்டாள். இடது செருப்பின் அறுந்த வாரில் பச்சை நூல் தையல், கடைசியில் இரட்டை முடிச்சு. அவள் கை போட்ட முடிச்சு.

அவள் வீட்டுக்காரரின் செருப்பு!

குரு இங்கே வந்து பேசிய அன்று அவளைக் கூட்டிப்போக வந்தவர், “எவனோ மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிட்டான். அவன் உருப்படுவானா?” என்று திட்டிக்கொண்டே, வாசலில் மிஞ்சிய ஜோடியை மாட்டிக்கொண்டார். எவன் என்று இப்போதல்லவா தெரிகிறது!

“என்ன அண்ணி, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா.”

சொல்லிவிடலாமா? “உன் செருப்பு கிடக்கிற வாசல்ல என் கால் படாது” என்று அண்ணனிடம் கத்திவிட்டுப் போனவள் இவள். சொன்னால் மறுபடி விடியவிடியக் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். ஆனால் குரு கடைசியாக நடந்தது இதில்தானே? அப்படிப் பார்த்தால் இது அவருடையது. வீட்டில் கிடப்பதும் அவருடையதுதான். அப்படியானால் வீட்டுக்காரருடையது எது?

“சீக்கிரம்மா, வேலைக்குப் போகணும்” என்று பின்னாலிருந்து யாரோ அவசரப்படுத்தினார்கள். கும்பிட்டாள். குருவையா, புருஷனையா என்பது அவளுக்கே விளங்கவில்லை.

வீட்டில் அவர் குருவின் அந்த ஜோடியை மாட்டிக்கொண்டு கக்கூஸிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

“ஐயோ, கழட்டுங்க!”

காலடியில் உட்கார்ந்து பிடுங்கினாள்.

“என்னடி, இத்தனை வருஷம் கழிச்சுக் கால்ல விழற?”

கழுவித் துடைத்தாள். சாமி அலமாரியில் வைக்கப் போனாள். கக்கூஸ் ஞாபகம் வந்தது. வாசலில் விடப் போனாள். குரு ஞாபகம் வந்தது. கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி நடுவீட்டில் நின்றாள்.

“உங்க தங்கச்சிகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க.”

“என்னத்தச் சொல்ல? அவகூட எனக்குப் பேச்சே இல்ல. அது கெடக்கட்டும், நான் எதப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறது?”

அவள் வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள்.

“இருங்க, யோசிக்கிறேன்.”